வீட்டில் சக்கரம் கட்ட எந்த ஸ்டாண்ட்? செலவு குறைந்த வழிகள் ஓர் ஒப்பீடு

சைக்கிள் சக்கரம் கட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் போய் முட்டிக்கொள்வது, சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கோட்டம் பார்த்து நேராக்க உதவும் ட்ரூயிங் ஸ்டாண்டின் விலையில்தான். ரிம், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), ஸ்போக், அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் எல்லாம் வாங்கி முடித்த பிறகு, மெக்கானிக் பட்டறையில் இருப்பது போன்ற ஸ்டாண்டும் வேண்டும் என்றால் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது. அந்தக் காசுக்குக் கட்டி முடித்த சக்கரத்தையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். சரி, மலிவானதைப் பார்ப்போம் என்று தேடினால் கண்ணில் படுபவையெல்லாம் கை பட்டாலே ஆடும் போலிருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குச் செலவே கிடையாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டிடம் துல்லியத்தை எதிர்பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம். அது அசையாமல் நிற்க வேண்டும், கழற்றி மாட்டினாலும் சக்கரம் அதே இடத்தில் உட்கார வேண்டும். இவ்வளவுதான் அதனிடம் கேட்க வேண்டியது. மீதித் துல்லியம் நாம் பார்க்கும் முறையில் இருக்கிறது.

ஏன் அப்படி என்றால், சக்கரம் சுற்றுவது அதன் சொந்த பேரிங்கில். ஸ்டாண்ட் ஆக்ஸிலின், அதாவது நடு அச்சின், இரு முனைகளைப் பிடித்துக்கொள்கிறது. ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு முள்ளை நிறுத்தி வைக்கிறது. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. சக்கரம் சுற்றும்போது ரிம் ஓரிடத்தில் முள்ளை நெருங்கும், இன்னோர் இடத்தில் விலகும். நாம் எடுக்கிற கோட்டம் அந்த நெருக்கத்துக்கும் விலகலுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்டாண்டின் ஒரு கால் கொஞ்சம் கோணலாக வெல்டு செய்யப்பட்டிருந்தாலும் அந்த வித்தியாசம் மாறாது. முள்ளே ஆடினால் மட்டும் எல்லாம் போச்சு.

பக்கவாட்டுக் கோட்டத்துக்கும் இது பொருந்தும், ரிம் முட்டை வடிவாகத் தூக்கி இறங்குகிற மேல்கீழ்க் கோட்டத்துக்கும் பொருந்தும். ரிம் பிரேக் சக்கரத்தில் இரண்டும் 0.5 மி.மீ.க்குள் வந்துவிட்டால் ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கும். பொறுமைசாலிகள் 0.2 மி.மீ. வரை கொண்டுபோவார்கள். டிஸ்க் பிரேக் சக்கரத்தில் ரிம்மை எந்தக் கட்டையும் தொடுவதில்லை என்பதால் பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், ஆனால் அதைச் சாக்காக வைத்து விட்டுவிடாதீர்கள். இந்த அளவுகளைப் பிடிக்க ஆய்வகக் கருவி தேவையில்லை. வழக்கமான 2 மி.மீ. ஸ்போக்கின் மரை அங்குலத்துக்கு 56. நிப்பிளை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அது ஸ்போக்கில் சுமார் 0.45 மி.மீ. ஏறும். கால் சுற்று என்றால் 0.11 மி.மீ. நிப்பிளைத் திருப்ப நம் கையில் இருக்கும் சாவியே இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது.

மிச்சமிருப்பது டிஷ். அதாவது, ரிம் ஹப்பின் இரு பக்க லாக்நட்டுகளுக்கும் (ஆக்ஸிலின் இரு ஓரத்திலும் உள்ள பூட்டு நட்டுகள்) சரி நடுவில் நிற்கிறதா என்பது. ஸ்டாண்டின் நடு எது என்ற கேள்வி வருவது இங்கே மட்டும்தான். விலை கூடிய ஸ்டாண்டுகள் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இதைத்தான்: இரண்டு கைகளும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கும், முள்கள் எப்போதும் நடுவைக் காட்டும் என்று. ஆனால் சக்கரத்தைத் தூக்கித் திருப்பி, இடதை வலதாக்கிப் போட்டுப் பார்த்தால் எந்த ஸ்டாண்டும் டிஷ் காட்டும். ரிம் 1 மி.மீ. வலப்பக்கம் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முள்ளை ரிம்மில் லேசாக உரசும்படி வைத்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டால், ரிம் இப்போது 1 மி.மீ. இடப்பக்கம் நிற்கும். முள்ளிடம் தெரிவது 2 மி.மீ. வித்தியாசம். ஸ்டாண்டின் சொந்தக் கோணல் இரண்டு முறையும் ஒரே மாதிரி இருப்பதால் அது கழிந்துவிடுகிறது. சக்கரத்தின் பிழை மட்டும் இரண்டு மடங்காகக் கண்ணுக்குத் தெரிகிறது. பட்டறை ஸ்டாண்ட் வைத்திருப்பவர்களிலும் விவரமானவர்கள் கடைசியில் ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்காமல் சக்கரத்தை இறக்க மாட்டார்கள். இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் 'தானே நடுவில் நிற்கும்' வசதிக்காகக் கூடுதல் விலை கொடுக்க அவசியம் இல்லை. அந்த வசதி நேரத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது. நாளைக்கு ஐந்தாறு சக்கரம் பார்க்கிறவருக்கு நேரம் காசு. வருஷத்துக்கு ஒன்றிரண்டு கட்டுகிறவருக்கு அப்படி இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

சைக்கிளே ஸ்டாண்ட்

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து எந்த மலிவு ஸ்டாண்டையும் விட உறுதியான பிடிமானம். ஆக்ஸில் எந்த வகையாக இருந்தாலும் அதற்கென்றே செய்த இடத்தில் அச்சாக உட்காரும். இந்தக் கடைசி விஷயத்தின் அருமை த்ரூ ஆக்ஸில் சக்கரம் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரிம் பிரேக் சைக்கிள் என்றால் பிரேக் கட்டையையே முள்ளாக வைத்துக்கொள்ளலாம். கேபிளைச் சரிசெய்து, கட்டை ரிம்மைத் தொடுமா தொடாதா என்ற இடத்தில் நிறுத்தினால் போதும். டிஸ்க் பிரேக் என்றால் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் ஆளுக்கொரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் வாலை ரிம் வரை வருமாறு நறுக்கிக்கொள்ளுங்கள். சாய்வாக நறுக்கினால் கூர்முனை ரிம்மின் பூச்சைக் கீறும், அதனால் நேராக வெட்டுங்கள். தடிமனான டையாகப் பாருங்கள். மெல்லியது ரிம் தொட்டதும் வளைந்துகொடுத்து ஏமாற்றும். மேல்கீழ்க் கோட்டத்துக்கு, இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு நேரான குச்சியை ரிம்மின் விளிம்பை ஒட்டிக் கட்டிவிடலாம். டயரைக் கழற்றிவிட்டுத்தான் இது சரிப்படும்.

ஓட்டி ஓட்டிக் கோணிய சக்கரத்தை நேராக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்று தைரியமாகச் சொல்வேன். புதிதாகக் கட்டும்போது சிரமம் தெரியும். முன் சக்கரம் பரவாயில்லை. பின் சக்கரத்தில் செயின் தொங்கும், கியர் மாற்றும் டிரெய்லியர் குறுக்கே நிற்கும். டிஷ் பார்க்கத் திருப்பிப் போட வேண்டுமென்றால் கேசட்டையும் (பின் கியர்ப் பல்சக்கரத் தொகுதி) டிஸ்க் தட்டையும் கழற்ற வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் முதுகு. புதிய சக்கரத்தின் ஸ்போக்குகளைச் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவு நேரமும் குனிந்தபடி தரையோரமாக வேலை செய்தால் பொறுமை போய்விடும். பொறுமை போனால் நிப்பிளை அரைச் சுற்றாகத் திருப்பத் தொடங்குவோம், சக்கரம் கெட்டுவிடும். இதற்கு மாற்று, சைக்கிளைக் கவிழ்த்து மேஜை மேல் ஏற்றி, ஆடாதபடி கட்டிவைப்பது.

ஃபிரேமே கோணலாக இருந்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். ஆட்டம் பார்ப்பதற்கு ஒன்றும் ஆகாது. டிஷ் பார்க்கும்போது 'ரிம் ஃபிரேமுக்கு நடுவில் இருக்கிறதா' என்று பார்க்காமல் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

பழைய ஃபோர்க்

உபயோகமில்லாமல் கிடக்கும் ஓர் இரும்பு ஃபோர்க்கைத் தலைகீழாக வைஸில் (மேஜையில் பொருத்திய திருகுப் பிடியில்) பிடித்துவிட்டால் முன் சக்கரங்களுக்கு அருமையான ஸ்டாண்ட் தயார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். பிரேக்கின் ஒரு கையை அதிலேயே விட்டுவைத்தால் முள்ளும் ஆயிற்று. வேலை மேஜை உயரத்தில் நடக்கும். உறுதியில் இதை அடிக்க விலை கூடிய ஸ்டாண்டாலும் கஷ்டம்.

பின் சக்கரத்துக்குத்தான் கொஞ்சம் வேலை வைக்கும். முன் ஃபோர்க்கின் அகலம் 100 மி.மீ.; பின் ஹப் 130 அல்லது 135. இடையில் ஒரு மரைக்கம்பியைக் கொடுத்து, நட்டுகளைத் திருகித் திருகிக் கால்களை விரிக்கலாம். இரும்பு ஃபோர்க்கில் மட்டும் இதைச் செய்யுங்கள். அலுமினியமும் கார்பனும் வளையாது, வெடிக்கும். இரும்பு கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் தேவையான அளவைத் தாண்டி விரித்துவிட வேண்டும். விரித்த பிறகு டிராப்அவுட் (ஆக்ஸில் உட்காரும் வெட்டுள்ள முனை) இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காமல் சாய்ந்திருக்கும். ஸ்பேனரால் பிடித்துத் திருத்த வேண்டும். அப்புறம், முன் ஆக்ஸில் 9 மி.மீ., பின் ஆக்ஸில் 10 மி.மீ. என்பதால் முன் ஃபோர்க்கின் வெட்டு பின் ஆக்ஸிலை உள்ளே விடாது. அரத்தால் அந்த ஒரு மில்லிமீட்டரை ராவியெடுக்க வேண்டும். இப்படி விரித்து ராவிய ஃபோர்க்கை மறுபடி எந்தச் சைக்கிளிலும் மாட்டக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பழைய ஃபோர்க் கிடைத்தால் ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். வைஸ் இல்லாதவர்களுக்கு இந்த வழி பெரிதாகப் பயன்படாது. ஃபோர்க்கின் தண்டைப் பலகையில் இரண்டு கிளாம்ப் போட்டுப் பிடிப்பது ஒரு மாற்றுதான் என்றாலும் வைஸ் கொடுக்கிற பிடி வராது.

மரத்தில் செய்வது

மரத்தில் செய்த ஸ்டாண்ட் என்றதும் ஏதோ வேறு வழி இல்லாதவர்கள் செய்வது என்று நினைக்க வேண்டாம். காலம் முழுக்கச் சக்கரம் கட்டியே பிழைக்கிறவர்களில் மர ஸ்டாண்டையே வைத்திருப்பவர்களும் உண்டு. 18 மி.மீ. பிளைவுட் நல்ல கனமானது, அதிர்வை விழுங்கும், வளையாது. ஓர் அகலமான அடிப்பலகை, அதன் மேல் இரண்டு தூண்கள். ஒரு தூணை நிரந்தரமாகத் திருகிவிடுங்கள். மற்றதை, அடிப்பலகையில் நீளவாக்கில் வெட்டிய துளையில் போல்ட்டும் இறக்கை நட்டும் போட்டு நகர்த்திக்கொள்ளும்படி வையுங்கள். 100 முதல் 148 மி.மீ. வரை நகர்ந்தால் சாதாரணமாகப் புழங்கும் ஹப்புகள் எல்லாமே அடங்கிவிடும்.

நகராத தூணில்தான் விஷயம் இருக்கிறது. ஹப்பின் லாக்நட் முகம் எப்போதும் அந்தத் தூணின் உள்பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும். அப்படியானால் ஹப் அகலம் எதுவாக இருந்தாலும், திருப்பிப் போட்டுப் பார்க்கும் டிஷ் கணக்கு பிசகாது: ஒரு முறை வலது லாக்நட் அந்த முகத்தைத் தொடுகிறது, அடுத்த முறை இடது. தூணின் உள்முகம் மரமாகவே இருந்தால் நாளடைவில் லாக்நட்டின் பல் அதைத் தின்றுவிடும். ஓர் இரும்புத் தகட்டை அறைந்து, அதில் ஆக்ஸிலுக்கான வெட்டைப் போடுவது நல்லது.

தூணின் உயரத்தை முடிவு செய்வதற்கு முன், டயரோடு சக்கரம் போடுவீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். 700சி, 29 அங்குலம் என்ற இரண்டு சக்கர அளவுகளுக்கும் ரிம்மில் டயர் உட்காரும் இருக்கை விட்டம் 622 மி.மீ., அதாவது ஆரம் 311. வெறும் ரிம் என்றால் ஆக்ஸில் வெட்டிலிருந்து அடிப்பலகைக்கு 340 மி.மீ. இருந்தால் சுற்றும். 57 மி.மீ. டயர் போட்டால் 368 மி.மீ. ஆகிவிடும், ஆகவே 400 வைத்துவிட்டால் பிறகு கவலை இல்லை. அதற்கு மேல் உயர்த்தினால் தூண் ஆட ஆரம்பிக்கும், முக்கோணக் கட்டை கொடுத்துத் தாங்க வேண்டிவரும்.

முள்ளுக்கு, மரக்கட்டையில் ஒரு நீளத் திருகைப் போட்டு, அந்தக் கட்டையை அடிப்பலகையில் சுதந்திரமாக நகர்த்தி வைப்பது போதும். கட்டை கனமாக இருக்கட்டும்.

மர வேலை தெரிந்தவருக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். ரம்பம், துளைக்கருவி எதுவும் இல்லாதவர் இதற்காகவே அவற்றை வாங்கினால், கடை ஸ்டாண்டைவிடச் செலவு கூடிவிடும். அப்படிச் செய்கிறவர்கள் ஸ்டாண்டுக்காக அல்ல, கருவி வாங்கும் ஆசைக்காகச் செய்கிறார்கள். அதுவும் ஒரு நியாயம்தான்.

கடையில் வாங்குவது

மலிவு ரகத்தில் அதிகம் விற்பவை மடித்து வைக்கக்கூடிய மெல்லிய தகட்டு ஸ்டாண்டுகள். ஜப்பானின் மினௌரா போன்ற நிறுவனங்கள் மடக்கும் வகையை ஒழுங்காகச் செய்திருக்கின்றன. ஆனால் பெயர் தெரியாத நகல்கள்தான் நிறைய, அவற்றில் நல்லதும் கெட்டதும் கலந்து வருகின்றன. இவற்றின் குறை பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும். அடித்தளம் லேசாக இருப்பதால் சக்கரத்தைச் சுற்றிவிட்டாலே முழு ஸ்டாண்டும் நகரும். ஆக்ஸில் வெட்டு தேவைக்கு மேல் அகலமாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் ஆக்ஸில் வேறு வேறு மாதிரி உட்காரும். முள்ளாக வரும் திருகு அதன் மரையில் லூஸாக இருக்கும். ரிம் லேசாகத் தட்டினாலே இடம் மாறிவிடும்.

இந்த மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்யலாம் என்பதுதான் நல்ல செய்தி. ஸ்டாண்டை ஒரு கனமான பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு இறுக்கினால் முதல் குறை போச்சு, மலிவு ஸ்டாண்ட் வாங்கிய எவரும் முதல் நாளே செய்ய வேண்டியது இது. முள் திருகுக்கு ஒரு பூட்டு நட்டு சேர்த்துவிடுங்கள். அகலமான வெட்டுக்கு, ஆக்ஸிலை ஒவ்வொரு முறையும் வெட்டின் அடிவரை அழுத்தி, குயிக் ரிலீஸால் (நெம்புகோல் போட்டு இறுக்கும் ஆக்ஸில் பிடி) இறுக்கிப் பிடித்த பிறகே பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். சக்கரத்தை வெட்டில் சும்மா வைத்துவிட்டு வேலை செய்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் பேரிங் ஹப்புகளில் பலவற்றுக்கு முனைத்தொப்பி வெறுமனே செருகியிருக்கும். இறுக்காவிட்டால் ஹப்பே பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வை ரிம்மின் கோட்டம் என்று நினைத்து நிப்பிளைத் திருகிக்கொண்டிருப்போம்.

மடக்கும் ரகத்துக்கு அடுத்த படி, கனமான அடித்தளமும் இரண்டு நிலையான தூண்களும் கொண்ட வீட்டு உபயோக ஸ்டாண்டுகள். பார்க் டூல் நிறுவனத்தின் டிஎஸ்-8 இந்த ரகம். வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் மடக்கும் வகையை விட்டு இந்தப் படிக்கு ஏறுவதே நல்லது என்பது என் எண்ணம். மடித்து அலமாரியில் வைக்கலாம் என்பது விளம்பரத்தில் நன்றாக இருக்கும். மடியும் இடமெல்லாம் ஆடும் இடம்.

ஒற்றைக் கை ஸ்டாண்ட் என்று ஒரு வகை உண்டு. ஃபீட்பேக் ஸ்போர்ட்ஸ் செய்வது தெரிந்த உதாரணம். ஹப்பை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பிடிக்கிறது. பார்த்தால் நம்பிக்கை வராது. ஆனால் மேலே மர ஸ்டாண்டில் சொன்ன அதே தத்துவம்தான்: ஒரே முகத்தில் லாக்நட் உட்காருவதால், திருப்பிப் போட்டுப் பார்க்கும் டிஷ் அளவு சுத்தமாக வரும். ஹப்பின் அகலம் ஒரு பொருட்டே இல்லை. சைக்கிள்களும் ஆக்ஸில் வகைகளும் பலவாக இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தும். விலைதான் மலிவு என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறது.

ஃபிரேமில் கவ்விக்கொள்ளும் சின்ன அளவுமுள் கருவிகளும் கிடைக்கின்றன. கேபிள் டை செய்யும் வேலையை இவை கொஞ்சம் அழகாகச் செய்யும். அதற்கு மேல் இல்லை.

உச்சியில் இருப்பது பார்க் டூலின் டிஎஸ்-2 குடும்பம். தொழில்முறை சைக்கிள் பட்டறைகள் பலவற்றில் பார்க்கக்கூடியது. கைகள் இரண்டும் ஒன்றாகத் திறக்கும், டயரோடு சக்கரம் போடலாம், வருஷக்கணக்கில் உழைக்கும், தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதன் நடுவும் வேலையில் நகரக்கூடியதுதான். சரிபார்க்கவென்று தனியாக ஓர் அளவுச்சட்டமே இருக்கிறது. புதிதாக வாங்குவது 'செலவு குறைந்த' என்ற சொல்லுக்கு வெளியே. பழையது கைமாற்றாகக் கிடைத்தால் கதை வேறு, ஏனென்றால் இருபது வருஷம் ஆன டிஎஸ்-2விலும் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை.

ஆக்ஸில் விஷயத்தை மறந்துவிட வேண்டாம்

மலிவு ஸ்டாண்டுகள் பெரும்பாலும் 9, 10 மி.மீ. குயிக் ரிலீஸ் ஆக்ஸிலை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. உங்கள் சைக்கிள் த்ரூ ஆக்ஸில் (ஹப்பின் ஊடே செலுத்தி ஃபிரேமில் திருகும் தடித்த அச்சு) என்றால் ஹப்பில் இருப்பது வெறும் 12 அல்லது 15 மி.மீ. ஓட்டை; வெட்டில் உட்கார வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்ஸில் முனையே கிடையாது. அடாப்டர் சேர்ந்து வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று பார்க்காமல் ஸ்டாண்டை மட்டும் வாங்கினால், அடாப்டரின் விலை சேர்ந்ததும் மேல்படி ஸ்டாண்டின் விலையைத் தொட்டுவிடும்.

வீட்டிலேயே ஒப்பேற்ற, ஓட்டையின் அளவுக்கே ஒரு வழுவழுப்பான உருளைக் கம்பியை உள்ளே செலுத்தி, அதன் முனைகளை ஸ்டாண்டின் 'வி' வெட்டுகளில் வைக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கம்பியின் மேல் ஹப் இடமும் வலமும் வழுக்கும். இரண்டு பக்கமும் காலர் போட்டு இறுக்கினால்தான் பக்கவாட்டு அளவுக்கு அர்த்தம் உண்டு. த்ரூ ஆக்ஸில் சக்கரம் மட்டுமே வைத்திருப்பவர்கள் ஃபிரேமையே ஸ்டாண்டாகப் பயன்படுத்துவதைப் பற்றி இன்னொரு முறை யோசிக்கலாம்.

டயல் கேஜ் வேண்டுமா?

0.01 மி.மீ. வரை ஊசியால் காட்டும் அளவுகருவியான டயல் கேஜ் இப்போது மலிவாகக் கிடைக்கிறது என்பதால் எல்லோருக்கும் ஸ்டாண்டில் ஒன்றை மாட்டிப் பார்க்க ஆசை வரும். மாட்டிப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஊசி அவ்வளவு நுணுக்கமாக ஆடும்போது அது காட்டுவதெல்லாம் கோட்டம் அல்ல. ரிம்மின் ஸ்டிக்கர் விளிம்பு, பெயின்ட் தடிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ரிம்மின் இணைப்பு. ரிம் வளைக்கப்பட்ட அலுமினியப் பட்டை. இரண்டு முனைகளும் ஓரிடத்தில் சேர்கின்றன. வெல்டு செய்து வழித்த ரிம்மில் அது அதிகம் தெரியாது. உள்ளே ஊசி செருகிச் சேர்த்த ரிம்மில் விரலால் தடவினாலே ஒரு படி தட்டுப்படும். அந்தப் படியைச் சமன் செய்கிறேன் என்று இரண்டு மூன்று ஸ்போக்குகளை மட்டும் கடுமையாக இறுக்கினால், முள்ளின் பார்வையில் நேரான ஆனால் இழுவிசை தாறுமாறான சக்கரம் கிடைக்கும். ஓட்ட ஓட்ட அதுதான் முதலில் கோணும்.

எனக்குக் கேஜைவிடக் காது நம்பகமானது. முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தபடி சக்கரத்தை மெல்லச் சுற்றினால், ஒரு கட்டத்தில் சுற்றுக்கு ஒரு தடவை 'சிர்ர்' என்று ஒரே ஒரு உரசல் கேட்கும். அங்கேதான் ரிம் அதிகம் தள்ளி நிற்கிறது. அந்த இடத்து ஸ்போக்கைக் கால் சுற்று திருப்பிவிட்டு மறுபடி சுற்றினால், உரசல் சுருங்கும், பிறகு மறையும். அப்போது முள்ளை இன்னும் நெருக்க வேண்டும். உரசல் சுற்று முழுக்கத் தொடர்ந்து கேட்க ஆரம்பித்தால் அந்தப் பக்கம் முடிந்தது. கண்ணால் பார்க்கிறவர்கள் முள்ளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து வெளிச்சம் விழச் செய்தால், ரிம்முக்கும் முள்ளுக்கும் இடையிலான வெளிச்சக்கீற்று மெலிவதும் தடிப்பதும் நன்றாகத் தெரியும்.

மிச்சக் காசு எங்கே போக வேண்டும்

ஸ்டாண்டில் மிச்சம் பிடித்ததை முதலில் ஒரு நல்ல நிப்பிள் சாவியில் போடுங்கள். நிப்பிள்களின் அளவுகள் 3.23, 3.30, 3.45 மி.மீ. என்று நெருக்கமாக வருகின்றன. 3.23 நிப்பிளுக்கு 3.30 சாவி போட்டால் முதலில் பொருந்துவது போலத்தான் இருக்கும். இறுக்கம் ஏற ஏற மூலைகள் மழுங்கிவிடும். பலதுளை வட்டச் சாவி அவசரத்துக்கு மட்டும்.

அடுத்தது இழுவிசை மீட்டர். கோட்டம் இல்லாத சக்கரம் நல்ல சக்கரம் ஆகிவிடாது. ஒரு பக்கத்து ஸ்போக்குகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இழுவிசையில் இருக்க வேண்டும், அதுவும் போதுமான இழுவிசையில். பல ரிம்களுக்கு 100 முதல் 120 கிலோ விசை வரை சொல்வார்கள். உங்கள் ரிம்மின் உச்ச அளவைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க் டூலின் டிஎம்-1 போன்ற மீட்டர், ஸ்போக்கின் வளைவை அளந்து ஓர் எண் காட்டும். அதை அட்டவணையில் வைத்து விசையாக மாற்றிக்கொள்ள வேண்டும். மீட்டர் வாங்க முடியாவிட்டால் ஸ்போக்கை விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள ஸ்போக்குகளில் சுருதி ஒன்றானால் இழுவிசையும் ஒன்று. ஒரு பக்கம் முழுக்கச் சுருதி சேர்ந்திருக்கிறது, ஆனாலும் ரிம் ஓரிடத்தில் ஒதுங்குகிறது என்றால் ரிம்மே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த விலை ஸ்டாண்டும் இதை உங்களுக்குச் சொல்லாது. எத்தனை கிலோ விசை என்று காது சொல்லாது என்பதால், ஏற்கெனவே நன்றாக ஓடுகிற, அதே வகை ஸ்போக் போட்ட ஒரு சக்கரத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

டிஷ் அளக்கும் டிஷ் கேஜ் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, திருப்பிப் போடும் வித்தை இருக்கிறது.

யாருக்கு எது

இருக்கிற சக்கரத்தின் கோட்டம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் கேபிள் டையும் நல்ல சாவியும் போதும், ஸ்டாண்ட் வாங்க வேண்டாம். ஒரே ஒரு ஜோடி கட்டிப் பார்க்க ஆசை என்றாலும் அதே பதில்தான். கட்டி முடித்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் ஸ்டாண்டைப் பற்றி யோசிக்கலாம். வைஸும் பழைய இரும்பு ஃபோர்க்கும் வீட்டிலேயே இருக்கிறவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம். மர வேலைக் கருவிகள் கைவசம் உள்ளவர்கள் மர ஸ்டாண்ட் செய்துகொண்டால் மலிவு ஸ்டாண்ட் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டும் இல்லை, வருஷத்துக்குச் சில சக்கரங்களாவது கையில் வரும் என்றால், மடங்காத தூண்கள் உள்ள வீட்டு உபயோக ஸ்டாண்ட். மடக்கும் மெல்லிய ரகம், இடமே இல்லாத சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் பலகையில் போல்ட் போட்டு. நண்பர்கள், அக்கம்பக்கத்தார் சக்கரமெல்லாம் உங்களிடம் வரத் தொடங்கிவிட்டால் கைமாற்றாக வரும் பட்டறை ஸ்டாண்டுக்குக் காத்திருங்கள்.

கைமாற்றோ புதிதோ, காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். ஒரு சக்கரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அதை ஸ்டாண்டில் போட்டு இறுக்கி, வால்வு ஓட்டைக்கு நேராக முள் ரிம்மை உரசியும் உரசாமலும் நிற்கும்படி வையுங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றி, முள்ளைத் தொடாமல், மறுபடி அதே பக்கமாக மாட்டி இறுக்கி, வால்வு ஓட்டையை முள்ளுக்கு நேரே கொண்டுவந்து பாருங்கள். முன்பு நின்ற மாதிரியே நின்றால் பெயின்ட் உரிந்திருந்தாலும் வாங்கலாம். இடைவெளி மாறியிருந்தால் தூண்களைக் கையால் அசைத்து எங்கே லூஸ் என்று பாருங்கள். திருகை இறுக்கிச் சரியாகிற லூஸ் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். தகடே வளைந்துகொடுக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.